என் காணாக்கடியும் பரந்தாமனின் பந்தியும்

டாக்டர் சொன்னதை வீட்டில் அப்படியே சொன்னேன். அங்கேதான் கெட்டது காரியம்.

எனக்குக் காணாக்கடி. எதுவும் கடிக்காமலே உடம்பெல்லாம் பூரி பூரியாக உப்பும், அரிக்கும். கத்திரிக்காயை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தினேன். சோப்பை மாற்றினேன். அது நிற்கவில்லை.

"காரணம் தேடாதீங்க சார். சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும். மாத்திரையை விடாதீங்க. மனசை நிம்மதியா வெச்சுக்கோங்க. டென்ஷன் ஆனா அதிகமாகும்" என்றார் டாக்டர் நிவேதிதா.

நிம்மதி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காரணம் உண்டு. ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்து இலைக்காரன் என் கையைப் பார்த்தான். "ஒட்டுமா சார்?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் எழுந்து எதிர்வரிசைக்குப் போய்விட்டான். நான் ரசத்தோடு இலையை மூடினேன். அன்றோடு டீக்கடை இல்லை, நடை இல்லை, விசேஷம் இல்லை. ஆவடி ஃபாக்டரியில் போர் டாங்கிக்கு வெல்டிங் வைத்தவன், பால்காரன் மணியடித்தால் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மனைவி வனஜாவிடம் அதைச் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னேன்.

"எனக்கு இனிமே டென்ஷன் ஆகாது. டாக்டர் ஆர்டர். உன் தங்கச்சி பொண்ணு ஷர்மிளா நிச்சயதார்த்தத்துக்கும் நான் வரலை."

சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"சரிங்க" என்றாள். கல்யாணமான நாளாக நான் கேட்டறியாத வார்த்தை.

மறுநாள் ரிமோட்டைக் காணோம்.

"எங்கே வெச்ச?"

"நியூஸ் பாத்தா கத்துவீங்க. டென்ஷன்."

"பேப்பர்?"

"பக்கத்து ஊட்டு பாய்கிட்ட குடுத்துட்டேன்."

"காபி ஆறிப்போச்சுடி!"

"பாத்தீங்களா, கொரல் ஏறுது. நாளையிலேர்ந்து காபியும் வேணாம்."

பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறப்பார். மதிலுக்கு இப்பால் நின்று திட்டுவேன். அவரும் திட்டுவார். அன்று போனால், "சார், நீங்க டென்ஷன் ஆவக் கூடாதாமே. மோட்டாரை அப்பவே நிறுத்திட்டேன்" என்கிறார். சிரிக்கிறார் வேறு. இருந்த ஒரே பொழுதுபோக்கும் போயிற்று.

வீட்டில் நிம்மதி. மின்விசிறி, நான், தடிப்பு. மூவர் மட்டும். கண்ணாடியில் தடிப்பைப் பார்ப்பேன். பார்த்தால் அரிக்கும். அரித்தால் சொறிவேன். சொறிந்தால் மறுபடி பார்ப்பேன். நிம்மதி கூடக் கூட அரிப்பும் கூடியது.

நிச்சயதார்த்தக் காலை. வனஜா பட்டுப்புடவையில் நின்று பூ வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்குப் பந்தியைப் பரந்தாமன் பாத்துக்கறான்."

எங்கள் பக்கத்து விசேஷங்களில் பந்தி பார்க்க ஓர் ஆள் நிற்பான். தோளில் துண்டு. எந்த இலையில் எது குறைகிறது என்று பார்ப்பது அவன் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். வேறு எவனும் அல்ல.

"பரந்தாமனா? உன் தம்பியா?"

"ஆமா."

"அவனுக்கு எலை எந்தப் பக்கம் போடணும்னு தெரியுமா?"

"கத்துப்பான்."

"கூட்டுக்கு முன்னாடி மோரை ஊத்துவான்டி!"

"ஊத்தட்டுமே. உங்களுக்கு இன்னா?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரன் பசியோட திரும்புவான்!"

"அதெல்லாம் நெனைக்காதீங்க. படுத்துக்குங்க. ஃபேனை வேகமா வெக்கட்டா?"

"என் வேட்டி எங்கே?"

தேய்த்துக் கட்டிலில் வைத்திருந்தாள். அதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

குமணன்சாவடி மண்டபம். முதல் பந்தியிலேயே என் தொண்டை திறந்துவிட்டது. "டேய், மூணாவது வரிசை, பொரியல்! சாம்பாரைக் கலக்கி ஊத்துடா, அடியில பருப்பு தூங்குது!"

பாதியில் கன்னம் உப்பியது. எனக்கே தெரிந்தது. செம்பரம்பாக்கத்துக் கிழவி ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா நைனா கன்னத்துல? ஒட்டிக்குமா?"

வரிசையே திரும்பியது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவள் இலையில் அப்பளம் இல்லை.

"காணாக்கடி. ஒட்டாது. மாத்திரை சாப்பிடறேன். உனக்கு அப்பளம் வந்துதா?"

"வர்ல."

"டேய், அப்பளம்!"

"நல்லா கவனிக்கிற நைனா. அப்படியே ஒரு ஜாங்கிரி சொல்லு."

இரண்டாகச் சொன்னேன். வரிசை சாப்பாட்டுக்குத் திரும்பியது. யாரும் எழுந்து போகவில்லை. தடிப்பு அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

கடைசிப் பந்திக்குப் பரந்தாமன் ஓடி வந்தான். பாடியில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"மாமா, எலை காலியா கீதா?"

"ஏன்டா, பந்தி பாக்கறவன் வர்ற நேரமா இது?"

"நானா? இன்னா மாமா, காமெடி பண்ற! எனக்கு இன்னிக்கு ஷிஃப்டு. நீதான் பந்தின்னு போன வாரமே அக்கா எல்லார்கிட்டயும் சொல்டுச்சே!"

திரும்பினேன். ஓரத்து இலையில் வனஜா. தலையைத் தூக்கவில்லை.

"இந்த எலைக்கு மோர் வரலை. யாருங்க இங்க பந்தி பாக்கறது?"

மோர் வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன். பந்தியை நடத்தியது நான்தான். என்னை நடத்தியது வனஜா.