மறுத்தார்

மனித குலம் மரணத்தோடு போராடக் கண்டுபிடித்த கருவிகளில் தலையாயது நோயாளி பராமரிப்பு அறிக்கை. ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துபோகும். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கழன்றுகொள்ளும். அறிக்கை மட்டும் எவரையும் கைவிடாது. எவரையும் என்றால், எழுதுகிறவரை.

இந்த மகத்தான கலையை ஆம்புலன்ஸ் மாணவனான எனக்குக் கற்பித்தவர், நாங்கள் 'பேனா சார்' என்று அழைக்கும் பயிற்சியாளர். நாடி பிடிக்கையில் நடுங்கும் அவர் கை, அறிக்கை எழுதுகையில் நடுங்கியதே இல்லை. 'நான்' என்ற அகந்தைச் சொல் அவருக்கு அறவே ஆகாது.

"'கட்டுப் போட்டேன்'னு எழுதாதப்பா. 'கட்டுப் போடப்பட்டது'ன்னு எழுது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, கட்டு பதில் சொல்லிக்கும்."

அவருடைய மேதைமையை முழுதாகக் காண நான் ஒரு நாலாவது மாடிக்கு ஏற வேண்டியிருந்தது. லிஃப்ட் 'பராமரிப்பில்' இருந்தது. நெஞ்சுவலிக்காரர் சட்டை நனைய வியர்த்து, சோபாவில் சாய்ந்திருந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். பேனா சார் அவரைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், தம் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"ஐயா, மெதுவா இறங்கி வர முடியுமா?"

"முடியாதுப்பா..."

"எழுதிக்கோ," என்றார் என்னிடம். "நோயாளி வர மறுத்தார்."

"சார், அவர் முடியாதுன்னுதானே சொன்னாரு?"

"கூப்பிட்டோம், முடியாதுன்னுட்டார். இதுக்குப் பேரு மறுப்பு இல்லாம வேற என்ன?"

தமிழின் அருமை அன்றுதான் எனக்கு விளங்கியது. உடம்புக்கு இயலாததற்கும் மனசுக்கு இஷ்டமில்லாததற்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன முன்னோர்கள், எங்கள் துறையை மனத்தில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

நோயாளியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாற்காலியில வெச்சுத் தூக்கிடலாம்ப்பா. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"பதறாதீங்கம்மா. முதல்ல இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார் சார்.

கணவரைக் கொண்டுபோகத்தான் கையெழுத்து என்று நினைத்து, அந்த அம்மா அவசரமாகப் போட்டார். காகிதம் பத்திரமாகக் கீழே கொண்டுசெல்லப்பட்டது.

பிறகு, அறிக்கை எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்களாம். தெருவுக்கு வந்தபோது எங்கள் வண்டியும் இல்லை, அவரும் இல்லை.

செய்தி கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முறைப்படி சொன்னால், உணவு உட்கொள்ளப்படவில்லை.

அந்த அறிக்கை 'மாதிரி அறிக்கை' என்று வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்ட வாரமே, அந்த அம்மா புகாரோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். விசாரணை நடத்தியவர் பேனா சார். குறிப்பெடுக்க நான்.

"எங்க வீட்டுக்காரர் எங்கய்யா மறுத்தாரு? காப்பாத்த மாட்டாங்களான்னு உங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாருய்யா!"

சார் கனிவோடு விளக்கினார். "அறிக்கை தப்புன்னா நோயாளிதாம்மா ஆட்சேபிக்கணும். விதி அப்படி. அவரை நேர்ல வரச் சொல்லுங்க."

அந்த அம்மா விளக்க முயன்றார். "இனிமே அவரால எப்படிய்யா வர முடியும்? முடியாதுய்யா."

சார் என் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் எழுதி முடித்திருந்தேன்: 'நோயாளி விசாரணைக்கும் வர மறுத்தார்.'

சார் வாசித்துப் பார்த்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லையாம். கொலை என்று எழுதத்தான் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.