வாட் முசியே அளந்த தண்ணீர்

உலகத்தில் எந்த மீட்டரையும் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, தலை நரைப்பதற்கு முன்பே பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மொட்டைமாடியில் ஏரியல் நட்டு, அமெச்சூர் ரேடியோவில் கண்காணாத ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பார். தன் ரேடியோ எத்தனை வாட் சக்தியை வெளியே அனுப்புகிறது என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "நேத்து எழுபத்தஞ்சுதான் காட்டுச்சு" என்பார். தெரு அவருக்கு வாட் முசியே, அதாவது பிரெஞ்சு மரியாதையோடு வாட் ஐயா, என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கச் சொந்தத் தராசோடு போவார். அதைச் சரிபார்க்கப் பையில் இன்னொரு தராசு இருக்கும். "முசியே, நீ மீனு வாங்க வந்தியா, தராசு விக்க வந்தியா?" என்று மீன்காரம்மா கேட்பாராம். இரண்டு தராசும் ஒத்துப்போகாத நாட்களில் அவர் வீட்டில் சாம்பார்.

ரேடியோ மேஜையிலும் இதே கதைதான். ஒரு மீட்டர் எழுபத்தைந்து வாட் என்றது, அடுத்தது தொண்ணூற்றைந்து, மூன்றாவது நூற்றிருபது.

"மூணும் மூணு சொல்லுது. நாலாவது ஒண்ணு வாங்கணும்."

"வாங்குங்க. அப்ப நாலும் நாலு சொல்லும்" என்றார் அவர் மனைவி ரோஸ் அக்கா.

வாங்கினார். ரேடியோவோடு வந்த புத்தகத்தில் நூறு வாட் என்று போட்டிருந்தது. நாலாவது மீட்டரும் நூறு என்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மீட்டரை அவர் நம்பினார்.

என் பிரச்சினை வேறு. அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். தினமும் சாயங்காலம் முசியே "சீக்யூ, சீக்யூ" என்று யாரையாவது பேச அழைக்க ஆரம்பித்ததும், இந்தப் பக்கம் இவள் வீறிட்டு அழுவாள். அதே நேரம் எங்கள் டிவியில் கோடு கோடாக ஓடும். டிவிக்குள் புகுவது குழந்தைக்குள் புகாதா? செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சு பற்றிப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. படித்தவள்தானே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். படித்ததால்தான் இன்னும் பயந்தேன். ஏரியல் இறங்காவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவளக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். பிறகு, அவர் மனம் நோகுமே என்று அந்த முடிவை நாலு தடவை மாற்றினேன்.

"மொதல்ல போய்க் கேளேன்" என்றார் என் கணவர்.

கேட்டேன். "முசியே, உங்க ஏரியல்லேந்து எவ்வளவு சக்தி வெளிய வருது?"

நூறு என்று அவர் சொல்லியிருக்கலாம். அவரோ கண்களை மூடி யோசித்தார். "மதாம், பச்சப்புள்ள விஷயம். பொய் சொல்லக்கூடாது. எனக்கே சரியாத் தெரியாது."

தவளக்குப்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை தண்ணியில அளந்துடலாம்."

அவர் செய்தது இதுதான். ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு தகர டப்பாவை மாட்டினார். உள்ளே இருந்த பொருள், வானத்துக்குப் போகவேண்டிய சக்தியை எல்லாம் வாங்கிச் சூடாகுமாம். டப்பாவை மூன்று லிட்டர் தண்ணீருள்ள குண்டானில் இறக்கி, சுற்றிலும் போர்வை சுற்றினார். பத்து நிமிஷத்தில் தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ, அதை வைத்து வாட் கணக்கு. வெப்பமானி மட்டும் அவரிடம் சரியில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட நான் வைத்திருந்ததைக் கொண்டுபோனேன். அதை அவர் என்னிடமிருந்து வாங்கி, வெந்நீரில், ஐஸில், தன் அக்குளில் எல்லாம் வைத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

சக்தி விடாமல் முழுசாக வர, மோர்ஸ் தட்டும் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கரண்டியால் கலக்கினேன்.

"எவ்ளோ, மதாம்?"

"நாலு டிகிரி ஏறியிருக்கு."

"கரண்டிய எடுத்துட்டுப் பாருங்க."

"அதே நாலுதான்."

காகிதத்தில் கணக்குப் போட்டு முகம் வாடினார். நூறு இல்லை, எண்பத்தைந்துகூட முழுசாகத் தேறவில்லை. எனக்கோ உயிர் வந்தது. ரேடியோவின் மொத்தச் சக்தியையும் பத்து நிமிஷம் கொட்டியும் அந்தத் தண்ணீர் என் மகளைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு வரவில்லை. மாடிக் கம்பத்திலிருந்து நாலா பக்கமும் சிதறுவதில் இவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஆனால், பிறகு ஏன் அழுகிறாள்?

"பேச்சுக்கு எவ்ளோ வருதுன்னும் பாத்துடுவோம்" என்று முசியே மைக்கைப் பிடித்தார். அடிவயிற்றிலிருந்து கத்தினார். "சீக்யூ, சீக்யூ."

சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டில், என் மகள் வீறிட்டாள்.

ரோஸ் அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தார். "ஏங்க, ஏரியலுதான் கழட்டிக் கெடக்கே. ஒண்ணுமே வெளிய போவல. அப்புறம் புள்ள எதுக்கு அழுவுது?"

முசியே கழற்றிப் போட்ட கம்பியை எடுத்துப் பார்த்தார். ரோஸ் அக்காவே பதிலும் சொன்னார்.

"நீங்க கத்துறீங்களே, அதுக்கு அழுவுது. நானே சில நாளு அழலாமான்னு பாக்குறேன்."

"கத்தாம பேசுனா முள்ளு முப்பதத் தாண்டலயே" என்றார் முசியே, நாலாவது மீட்டரைக் காட்டி. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. பேச்சு ஒரு கணம் உச்சத்துக்குப் போய் உடனே இறங்கிவிடுகிறது, சோம்பேறி முள் அதற்குள் ஏற முடியாமல் பாதியில் நிற்கிறது. சக்தி என்னவோ ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த முள்ளை நூறுக்குத் தூக்கத்தான் மனிதர் இத்தனை மாதமாகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "நம்புனது இது ஒண்ணத்தான்" என்று மீட்டரைத் துணி போட்டு மூடினார்.

அன்று சாயங்காலம் ஏரியலை மாட்டி, கடலூர் நண்பரிடம் மெதுவாகப் பேசினார். நண்பரின் பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "யோவ், இன்னிக்குத்தான்யா நீ பேசுறது புரியுது." என் மகள் அசையாமல் தூங்கினாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். டிவியின் கோடுகளையும் அடுத்த வாரம் டிவி கம்பியில் அதைத் தடுக்கும் ஒரு வளையம் மாட்டி முசியே நிறுத்திவிட்டார்.

அடுத்த வருஷம் அவர் பென்ஷன் வேலையாகப் பிரான்ஸ் போனார். ஒரு மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குழந்தை நன்றாகத்தான் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர் வந்திறங்கிய அன்று சாயங்காலம், யாரோ ஒருவரிடம் எண்பத்துநாலு வாட் என்று தாழ்ந்த குரலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த நான் மகளுக்கு முன்பே தூங்கிப்போனேன்.