எதிரி யோசிக்கிறான்

"காபியில சூடே இல்லையே!" என்று கடிகாரம் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

பதில் வரவில்லை. ஆனால் கணினித் திரையில், புதருக்குள்ளிருந்து எதிரியின் வில்லாளி ஒருவன் எழுந்து அவருடைய குதிரைவீரனை ஒரே அம்பில் சாய்த்தான்.

"போச்சு! நல்லா இருந்தவன்!"

கடிகாரம் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். பஸ் டெப்போவில் அவர் நேரக் காப்பாளர். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்திருந்த மாப்பிள்ளைதான் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவர். ஆறு வீரர்கள், ஒரு கோட்டை. எதிரித் தலைவனை வீழ்த்தினால் வெற்றி. செத்தவன் செத்தவன்தான். ஆறு பேரும் போனால் மறுபடி முதலிலிருந்து.

"ரொம்பக் கஷ்டம் மாமா. எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் இதை ஜெயிச்சதில்ல."

"கொட்டுற மழையில டெப்போ பஸ் மொத்தத்தையும் ஓட வைக்கிறவன் நான். ஆறு பொம்மையை ஓட்ட மாட்டேனா மாப்பிள்ளை?"

"ஓட்டலேன்னா?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"ஓட்டலேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடலாம். பத்து நாள்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். அங்கே சகலை இருந்தார். வீட்டில் பதித்த ஒவ்வொரு கல்லும் எங்கே வாங்கியது, என்ன விலை என்று சொல்லி முடிக்காமல் யாரையும் உட்கார விடமாட்டார்.

"ஜெயிச்சுட்டா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"சரி," என்று அவள் உள்ளே போனாள்.

"அத்தை, உங்க போன் மெதுவா ஓடுதுன்னீங்களே, கொடுங்க, அதையும் பாத்துடறேன்," என்று மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார்.

திங்கட்கிழமை இந்தக் காபியோடு முதல் படை அழிந்தது. இரண்டாவது படையை வரிசை மாற்றி நிறுத்தினார். மூளையைக் கசக்கும் நேரத்தில் உள்ளே தட்டு உருண்டது.

"கொஞ்சம் சத்தமில்லாமதான் இரேன்!"

சத்தம் நின்றது. திரையில் 'எதிரி யோசிக்கிறான்' என்று எழுத்து வந்தது. யோசித்து முடித்தவன், அவருடைய ஈட்டிக்காரர்கள் இரண்டு பேரையும் தீ வைத்துக் கொளுத்தினான்.

வெளிச்சம் சரியில்லை என்று மறுநாள் நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டார். மனைவி துடைப்பத்தோடு வந்தாள்.

"காலைத் தூக்குங்க."

"போர் நடக்குதும்மா. அப்புறம் பெருக்கிக்க."

அவள் பெருக்காமலே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் போரும் முடிந்துவிட்டது. இவர் பக்கத்தில் ஒருவன்கூட மிஞ்சவில்லை.

புதன்கிழமை காபியைத் தானே தட்டிவிட்டார். கணினி நனைந்துவிடுமே என்ற பயத்தில் துணி எடுத்துத் துடைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கி, யாரோ வழி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் அவரைப் பார்த்தாள். அவள் எப்போதும் அதில் சமையல் படம்தான் பார்ப்பாள் என்பது அவர் எண்ணம்.

திரும்பி வந்தால் அதிசயம். எதிரி எய்த அம்பு மரத்தில் குத்தியிருந்தது!

கடிகாரத்துக்குப் பொறி தட்டியது. எழுந்து போய் இரண்டு தட்டு கழுவிவிட்டு வந்தார். எதிரிப்படை இரண்டு கட்டம் பின்வாங்கியது. கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். எதிரியின் யானை சேற்றில் போய் நின்றுகொண்டது.

மறுநாள் டெப்போவில் ஒரு டிரைவரிடம் சொன்னார், "மேல ஒருத்தன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான்யா இருக்கான்."

"யாரு சார், பொது மேலாளரா?"

"அதுக்கும் மேல."

நல்லது செய்ய மனசு வராதவர்களைக் கடவுள் சில சமயம் ஆசை காட்டித்தான் செய்ய வைக்கிறார். அன்று மாலை கடிகாரம் வேகமாக நல்லது செய்தார். புது ஒட்டாத தவாவை இரும்பு நாரால் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து காட்டினார். மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த சுற்றில் அவருடைய குதிரைப்படை பூண்டோடு அழிந்தது.

'செஞ்சா மட்டும் போதாது போலிருக்கு. சரியா செய்யணும்' என்று புரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை, "இதுக்கு எந்த நார்ம்மா?" என்று கேட்டுவிட்டுத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தார், தொட்டிக்கு எதிரே வெறும் சுவர். சன்னல்கூட இல்லை. ஒரு இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஆமை மாதிரி இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் தினமும் இந்த ஆமையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"நீ போய் ஹால்ல காத்தாட உக்காரு. நான் பாத்துக்கறேன்," என்றார். விளையாட்டை அன்று அவர் திறக்கவே மறந்துபோனார்.

சனிக்கிழமை கடைசிச் சண்டை. அவர் பக்கத்தில் ஒரே ஒரு வில்லாளி மிச்சம். எதிரியிடம் பெரும்படையே இருந்தது. இனி கடவுள் விட்ட வழி என்று எழுந்து போய்ப் பால் காய்ச்சி, மனைவிக்குக் காபி கலந்து கொடுத்தார்.

"சூடு போதுமா?"

"ம்ம். நல்லாருக்கு," என்றாள் அவள். குரல் என்னவோ போலிருந்தது.

திரையில் 'எதிரி யோசிக்கிறான்' என்ற எழுத்து வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு எதிரித் தலைவன் தன் படையையெல்லாம் விட்டுவிட்டுத் தனியாகக் கோட்டைக்கு வெளியே வந்தான். கடிகாரத்தின் வில்லாளிக்கு நேர் எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஒரே அம்பு.

"ஜெயிச்சுட்டேன்!"

"அப்படியா? சந்தோஷம்," என்றாள் மனைவி, ஆச்சரியமே இல்லாமல்.

அவருக்கு நெஞ்சு உறுத்தியது. இவளுக்குச் செய்ததற்காகக் கடவுள் கொடுத்த வெற்றி. அதை வைத்தே இவளுடைய ஆசையில் மண்ணைப் போடுவதா? மாடிக்குப் போய் இரண்டு போன் பேசிவிட்டு இறங்கி வந்தார்.

"பெட்டியைக் கட்டு. நாளைக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போறோம்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஜெயிச்சவரு எதுக்குங்க போகணும்?"

"பந்தயம் கிடக்கட்டும். உனக்காகத்தான்."

"வேண்டாங்க... அப்புறம் பாத்துக்கலாமே..."

"லீவு சொல்லியாச்சு. சகலைக்கும் போன் பண்ணிட்டேன். குளியலறைக் கல்லை மாத்திட்டாராம், அதைப் பத்தி இப்பவே அரை மணி நேரம் சொன்னாரு. உனக்காக அதையும் பொறுத்துக்கிட்டேன்."

அவள் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்று நினைத்த கடிகாரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். வெற்றியைச் சொன்னார், லீவைச் சொன்னார், மேலே இருப்பவனின் கருணையையும் சொன்னார்.

எதிர்முனையில் மாப்பிள்ளை அலறினார்.

"ஐயோ மாமா, எதிரிப்படையை இந்த வாரம் பூரா அவங்க போன்லேர்ந்து ஆடினதே அத்தைதான், 'அக்கா வீட்டுக்குப் போனா அங்கேயும் நான்தான் பாத்திரம் தேய்க்கணும், இங்கன்னா இவரு தேய்க்கிறாரு'ன்னு சொல்லித்தானே இன்னிக்கு வேணும்னே தோத்தாங்க!"