சோர்ஸ்கோடு அண்ணனின் தவக்காலம்

கச்சிராயபாளையம் டவுன் பஸ் என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாலும் நிற்கும். சோர்ஸ்கோடு அண்ணனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அரைமணி நேரத்துக்குள் தப்பித்த மனிதர் மட்டும் கள்ளக்குறிச்சியில் கிடையாது.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பார். அது போக மிச்ச நேரம் முழுக்க சுதந்திர மென்பொருள் பிரசாரம். ஒரு மென்பொருளை எப்படி எழுதினார்கள் என்று, அதாவது அதன் சோர்ஸ்கோடை, யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதை மூடி வைப்பது தப்பு. விஷயம் இவ்வளவுதான். எனக்கு ஒரு வரி ஆயிற்று. அவருக்கு ஒரு மத்தியானம் வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் அடிக்கிற என் கடைதான் அவருக்கு முக்கியமான பிரசார மேடை. காரணம், என் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை மென்பொருளும் காசு கொடுக்காமல் கிராக் செய்தது.

"இன்னாப்பா, இன்னும் திருட்டு சாமானத்தான் வச்சிக்கினு இருக்கியா?"

"வேலை நடக்குதுண்ணே."

"அதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு உனுக்குத் தெரியுமா?"

"எங்க வூட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள இன்னா இருக்குதுன்னே எனுக்குத் தெரியாதுண்ணே."

அவர் சிரிக்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்றைய வியாபாரம் அதோடு முடிந்தது. எதிர்க்கடை டீ மாஸ்டர் அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "ஓசில குடுக்கிறத இவ்ளோ கெஞ்சிக் குடுக்கிற ஆள நான் பார்த்ததே இல்லப்பா!"

பக்தியிலும் அண்ணன் இதே ரகம். மத்தியானம் மாதா கோயில் மணி அடித்தால், ஆன்லைன் மீட்டிங் நடுவில் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து நின்று ஜெபம் சொல்வார். பெங்களூர் மேனேஜர் சேலத்துக்காரர். "என்னங்க, கனெக்‌ஷன் போயிடுச்சா?" என்று ஒருநாள் கேட்டாராம். "போவல சார். இப்பத்தான் கெடச்சுது" என்றாராம் இவர்.

அந்த மீட்டிங்குக்குக் கம்பெனி கொடுத்திருந்தது மூடிய மென்பொருள். அது அவரை உறுத்தியது. மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஃபாதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "தம்பி, இது பாவத்துலயே சேராது. வேற எதுனா இருந்தா சொல்லு" என்றாராம். உள்ளே நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? வெளியே வந்ததும் அவரேதான் எல்லோரிடமும் சொல்வார். எதையும் மூடி வைப்பது அவர் கொள்கைக்கு ஆகாதே!

இப்படி இருந்தபோதுதான் பெங்களூரிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பெரிய பதவி, அங்கேயே வீடு. ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் அவர் எழுதுவது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். ஊருக்கு எழுதிக் கொடுப்பது, பிரசாரம் பண்ணுவது எல்லாவற்றுக்கும் கும்பிடு. ஈஸ்டர் முடிந்து பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டு ஃபாதரிடம் போனார். அன்றைக்கு மறுநாள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்.

"தவக்காலத்துல எல்லாரும் கறிய விடுறாங்க. நீ இந்தப் பேச்ச விடு. மென்பொருள் பத்தி ஒரு மனுசங்கிட்டயும் வாயத் தெறக்காத. அது இல்லாம உன்னால இருக்க முடியுமா முடியாதான்னு உனுக்கே தெரிஞ்சிடும்" என்றார் ஃபாதர்.

தெருவே கொண்டாடியது. எனக்கு வேலை மளமளவென்று நடந்தது. டீ மாஸ்டர் எனக்கு ஒரு டீ இனாம் கொடுத்தார். இது எங்கள் தெருவில் அதற்கு முன்பு நடந்ததில்லை. நான் சும்மா இருப்பேனா? அண்ணன் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, "புதுசா ஒரு கிராக் வந்துக்குதாம் மாஸ்டர், சூப்பரா இருக்குதாம்" என்று உரக்கச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சூடான டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

"பாவம்பா, உட்ரு. செத்துகித்துப் போயிடப் போறாரு" என்றார் மாஸ்டர்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கல்வராயன் மலை பஸ் ஏறுவதைப் பார்த்தோம். ஜெபிக்கப் போகிறார் என்று நினைத்தோம். மலையிலிருந்து சாமை மூட்டையோடு வந்த விவசாயி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்.

"பாறை மேல உக்காந்துக்கினு எங்க ஆடுங்ககிட்ட பேசிக்கினு இருக்காருங்க. லைசென்ஸ்னு ஏதோ சொல்றாரு. ஆட்டுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?"

ஃபாதர் சொன்னது மனுசங்கிட்ட பேசாதே என்றுதானே! நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

கடைசி வாரத்தில் அவர் மலைக்கும் போகவில்லை. கோயில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான், மனிதர் பெங்களூர் போயே விடுவாரோ என்று எனக்குத் தோன்றியது.

பெரிய வியாழன் அன்று என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கிராக் வழியாகப் புகுந்த வைரஸ்; திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. மறுநாள் பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு நான் அச்சடிக்க வேண்டிய புத்தகம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. யார் சொன்னார்களோ, நான் ஆள் அனுப்புமுன்பே அண்ணன் வந்துவிட்டார். பென்டிரைவைச் செருகினார். புத்தகத்தை மீட்டார். என் திருட்டுச் சாமானை எல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, சுதந்திர மென்பொருளான லினக்ஸைப் போட்டார். பிரசாரத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு உண்டா? நான் தலையைக் குனிந்து வசவுக்குத் தயாராக நின்றேன். ஒரு வார்த்தை இல்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "ஆளு கெளம்பிட்டாரு மாஸ்டர். மனசுல விட்டுட்டாரு" என்றேன். மாஸ்டர் கழுவின கிளாஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அன்று அந்த ஸ்டூலை நான் யாருக்கும் தரவில்லை.

ஈஸ்டர் பிரியாணிக்கு எங்கள் தெருவில் மதம் பார்ப்பதில்லை. ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்குக் கோயில் வாசலில் போய் நின்றேன். அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். பெங்களூர் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வேறொன்று கேட்டேன்.

"அண்ணே, இந்த சுதந்திர மென்பொருள்னா இன்னாண்ணே? எனுக்கு சரியாப் புரியல."

அவர் திரும்பி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் சிரித்துக்கொண்டே, "தவக்காலம் முடிஞ்சிடுச்சிப்பா" என்றார்.

அண்ணன் என் கையைப் பிடித்து வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போனார். "பெங்களூருக்கு வரலன்னு நேத்தே எழுதிட்டேன்ப்பா. இப்ப பாக்கிற வேலையே போதும். அது கெடக்கட்டும், நீ கேட்டதுக்கு வரேன். மொதல்ல மென்பொருள்னா இன்னா?"

வெயில் ஏறியது. பிரியாணி ஆறிப்போனது. அடுத்து என்ன சொல்வார் என்பது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அவர் முடிக்கப் போகிறார் என்று தெரிந்தபோது, இல்லாத ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்துக் கேட்டேன்.