சித்தி அவித்த இட்லி

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களை ஆறு மாதத்துக்காவது சொந்தக்காரர் வீட்டு அடுக்களைக்குள் விடக்கூடாது. என்னை விட்டார்கள். அதனால் ஒரு காதுகுத்து நின்றுபோனது. நான்கு வயதுப் பிள்ளை ஒன்று பட்டினி கிடந்தது. என் பெயரோடு ஒரு பலகாரம் ஒட்டிக்கொண்டது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், கீழே விழுவதற்கு உயரம் வேண்டுமல்லவா. முக்கூடலில் என் அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பா அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அக்கா பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிடப் பீடித் தட்டோடு உட்கார்ந்ததுதான் அதிகம். பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, ஊட்டச்சத்துப் படிப்புப் படித்து, கறுப்பு அங்கி போட்டுப் போட்டோ பிடித்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். அந்தப் போட்டோவை அம்மா சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினாள். (நான் தடுக்கவில்லை. சூடம் எனக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.)

படிப்பு முடிந்த சூட்டோடு ஸ்ரீவைகுண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகன் இசக்கிக்கு அப்போது நான்கு வயது. ஆட்டிசம் இருப்பதாக முந்தின வருடம்தான் சொல்லியிருந்தார்கள். பேச்சு ஒற்றை ஒற்றைச் சொல்லாக வரும்: அம்மா, பஸ், தண்ணி. சாப்பாடும் அப்படித்தான். இட்லி, அப்பளம், பால். அப்பளம் உடைந்திருந்தால் அது அப்பளமில்லை. பால் நீல டம்ளரில் இல்லாவிட்டால் அது பால் இல்லை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். ஆனால் துணியில் அவித்த இட்லியாக இருக்கவேண்டும். அதன் அடிப்பக்கம் பதிந்திருக்கும் துணியின் நெசவை முதலில் உதட்டில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்ப்பான். சரியாக இருந்தால் தின்பான். தங்கத்தை உரைகல்லில் உரசுகிற ஆசாரிகூட அவ்வளவு கவனமாகப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்துக்கு அக்கா அவனைக் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தாள். அங்கிருந்த டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இது பிடிவாதம் இல்லை; வாசனை, தொடுகை, நிறம் எல்லாம் அவனுக்கு நம்மைவிடப் பல மடங்கு பலமாகத் தெரிகிறது. புதுச் சாப்பாட்டைத் தனித் தட்டில் பக்கத்தில் வையுங்கள், தின்னச் சொல்லாதீர்கள், பார்த்துப் பழகட்டும். அவன் நம்பித் தின்கிற சாப்பாட்டுக்குள் மட்டும் எதையும் ஒளித்து வைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் அக்கா எனக்குச் சொன்னாள். நான் சிரித்தேன்.

"அக்கா, அவங்க சொல்லுதது பயிற்சி. நான் படிச்சது சயின்ஸ்."

"பைய பேசுளா, அவன் இப்பதான் கண்ண மூடியிருக்கான்" என்றாள் அக்கா.

என்னைக் கிளப்பிவிட்டது அக்காவின் மாமியார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, திசையன்விளைப் பக்கம் அவர்களுடைய சாஸ்தா கோயிலில் இசக்கிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். வேன் பேசியாகிவிட்டது, சொந்தமெல்லாம் வருகிறது. அரிசி புடைக்கும் கையோடு சேர்ந்து அந்த அத்தையின் வாயும் ஓடியது.

"வாழத்தோட்டத்துக்குள்ள பொறந்த புள்ள வாழப்பழத்தக் கண்டா ஓடுதான். ஊரு கேட்டா நான் என்ன சொல்ல? பெத்தவளுக்கு ஊட்டத் தெரியலன்னுதான் சொல்லணும். நாலு நேரம் பசிக்க விட்டா தன்னால திம்பான்."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தையே மறுபடி துடைத்தாள். வெள்ளிக்கிழமை அத்தனை சொந்தத்துக்கு முன்னாலும் இதே பேச்சு வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடத்தில்தான் என் மண்டைக்குள் பட்டம் எழுந்து நின்றது. அந்தப் பந்தியில் இசக்கி காய்கறி தின்பான், தின்று முடித்த பிறகு நான் எழுந்து அறிவிப்பேன், அத்தையின் வாய் அடைபடும். அறிவிப்பைக்கூடத் தயார் செய்துவிட்டேன். "நீங்க எல்லாரும் பார்த்தீங்கல்லா?" என்று ஆரம்பிப்பதாக இருந்தது.

வெள்ளை இட்லிக்குள் ஒளிய வெள்ளைக் காய்தானே வேண்டும். காலிபிளவரை அவித்து, அரைத்து, வடிகட்டி, மாவோடு கலந்தேன். வெள்ளி விடியற்காலையில் அக்கா குளிக்கப் போன நேரம், அவள் துணியிலேயே, அவள் இட்லிக் கொப்பரையிலேயே அவித்து, இசக்கிக்கென்று தனியாகக் கொண்டுபோகும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. துணித்தடம்கூட அச்சு அசலாக விழுந்திருந்தது. நானே ஒன்றைத் தின்று பார்த்தேன். இட்லிதான். (லேசாக ஈரச் சாக்கு வாசம் அடித்தது. சயின்ஸுக்கு முன்னால் சாக்கு எம்மாத்திரம்.)

"நீயா அவிச்ச?" என்றாள் அக்கா, டப்பாவைப் பார்த்து.

"ஒனக்கு அலைச்சல் வேண்டாம்னுதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்.

கோயிலில் செம்மண் தரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்கு எட்டாத கடைசி ஓரத்தில் அக்கா பாய் விரித்து இசக்கியை உட்கார வைத்து இலை போட்டாள். காலைப் பலகாரம் முடிந்ததும் காது குத்துவதாக ஏற்பாடு. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மாமன் முறைக்கு எங்கள் பெரியப்பா மகன் பட்டுத் துண்டோடு காத்திருந்தான். நான் என் அறிவிப்போடு காத்திருந்தேன்.

இசக்கி டப்பாவைத் திறந்தான். முதல் இட்லியை எடுத்தான், திருப்பினான், துணித்தடத்தை உதட்டில் வைத்தான்.

நிறுத்தினான்.

மூக்குக்குக் கொண்டுபோனான். மறுபடி உதட்டுக்கு. பிறகு அதை இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தான். இலையில் வைத்தான். அடுத்ததைப் பிட்டான். அதற்கடுத்ததையும். டப்பாவில் இருந்த எல்லா இட்லியையும் பிட்டு இலையில் வரிசையாக வைத்து முடிக்கும்வரை அவன் அழவில்லை. ஒன்றாவது நல்லதாக இருக்கும் என்று தேடினான் என்பது இப்போது புரிகிறது. காலி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினான். அதற்குப் பிறகுதான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினான்.

அந்தச் சத்தத்தில் பந்தி எழுந்துவிட்டது.

"காது குத்தியாச்சா? எங்கள கூப்பிடவே இல்லயே" என்றார் முன்வரிசையில் சாம்பார் வாளியோடு நின்ற ஒரு பெரியப்பா.

"நான் ஊசியவே இன்னும் எடுக்கல அண்ணாச்சி" என்றார் ஆசாரி, பதறிப்போய்.

அத்தை வந்தாள். இலையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அவளுடைய மூக்கு பட்டம் வாங்காத மூக்கு, இருந்தாலும் வேலை செய்தது.

"ஏட்டி, இதுக்குள்ள என்னத்தப் போட்ட?"

"காலிபிளவரு."

"எதுக்கு?"

"சத்துக்கு" என்றேன். தயார் செய்து வைத்திருந்த அறிவிப்பில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.

அக்கா தன் மகனை அணைத்துத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காதுகுத்து இன்னொரு நாளைக்கு என்று ஆனது. ஆசாரி ஊசியைத் துணியில் சுருட்டி வைத்தார். வந்த சொந்தம் குத்தாத காதை வாழ்த்திச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மறுநாள் அக்கா வழக்கம்போல இட்லி அவித்தாள், வெறும் இட்லி. இசக்கி தொடவில்லை. அதற்கடுத்த நாளும் தொடவில்லை. இட்லி என்ற ஒன்றின்மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. அவனிடம் இருந்ததே மூன்று. அதில் வயிற்றை நிறைக்கிற ஒன்றை நான் பிடுங்கிவிட்டேன். "பசிச்சா தன்னால திம்பான்" என்ற அத்தை, அவன் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்ததைப் பார்த்தபின் வாயைத் திறக்கவில்லை. அத்தையின் வாயை அடைக்க வேண்டும் என்று புறப்பட்டவள் நான். அடைத்துவிட்டேன்.

அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"எனக்குப் படிப்பு கெடையாதுளா. ஆனா அவன் திங்கது மூணுதான்னு எண்ணத் தெரியும்."

நான் ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்து வைத்தேன். அன்று காலை இசக்கி கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த இட்லித் துணியை இழுத்து எடுத்து வந்தான். அதை உதட்டில் தேய்த்தபடியே அடுக்களை வாசலில் நின்றான். அக்கா மூச்சு விடாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். அவனைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்து, துணியை அவன் கண் முன்னால் நனைத்தாள், பிழிந்தாள், தட்டில் விரித்தாள். மாவுப் பாத்திரத்தைச் சாய்த்து உள்ளே காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

சும்மா நிற்க முடியாத கை என்னுடையது. உதவி செய்யலாமே என்று கரண்டியை எடுத்தேன்.

இசக்கி எழுந்தான். என் கையிலிருந்து கரண்டியை வாங்கினான். அதை அக்கா கையில் வைத்தான். என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னான்:

"சித்தி இட்லி வேண்டாம்."

அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவன் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னதில்லை. நான் அடுக்களையை விட்டு வெளியே வந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். இட்லி வெந்தது. அக்கா தண்ணீர் தெளித்துத் துணியை உரித்தாள். அவன் எடுத்தான், திருப்பினான், உதட்டில் வைத்தான். அந்த நேரம் நான் வேண்டாத சாமி இல்லை. தின்றான். இன்னொன்று கேட்டுக் கை நீட்டினான்.

அடுத்த வாரம் பயிற்சி மையத்துக்கு நானும் ஊரிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன்; டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழுதாக ஒரு வாக்கியம் பேசுகிறானே, வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அக்கா என் தோளில் கை வைத்தாள்.

"எந் தங்கச்சிதான் டீச்சர் சொல்லிக் குடுத்தா. நல்லா படிச்ச புள்ள."

மூன்று வருடம் கழித்து முக்கூடலில் எனக்குக் கல்யாணம். காலைப் பந்தியில் என் கணவர், புது மாப்பிள்ளைப் பாசத்தில், இசக்கி இலையில் ஓர் இட்லியை வைத்தார். இசக்கி அதைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மணப்பெண் கோலத்தில் இருந்த என்னைப் பார்த்தான். பிறகு பந்திக்கே கேட்கும்படி, "சித்தி இட்லியா?" என்றான்.

"இல்ல ராசா, சமையக்கார அண்ணாச்சி அவிச்சது" என்றாள் அக்கா. அவன் தின்ன ஆரம்பித்தான். எங்கள் பக்கத்துச் சொந்தம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கவில்லை. என் மாமியார் அத்தையிடம் விவரம் கேட்டார். அத்தை, பந்தி முடிகிறவரை, ஒன்று விடாமல் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி அவிப்பது என் கணவர்தான். லீவுக்கு இசக்கி வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, துணி விரிப்பதிலிருந்து மேற்பார்வை பார்க்கிறான். பக்கத்தில் தனித் தட்டில் எப்போதும் ஒரு துண்டு காய் இருக்கும். போன தடவை கேரட்டை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தான், அதற்கே அக்கா ஊருக்கெல்லாம் போன் போட்டாள். காது இன்னும் குத்தவில்லை.

எனக்கு அடுக்களை வாசற்படிவரை அனுமதி உண்டு.