மச்சானுக்கு ஒரு கால் குட்டை

ஒரே வாரத்தில் ஊரில் எல்லாருக்கும் ஒரு கால் குட்டையாகிப் போனது. பேருந்து நிலையத்துக்கு எதிரே முதுகுத்தண்டு மகான் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். வேறென்ன காரணம் வேண்டும்? விடியுமுன்பே வரிசை தெரு திரும்பி நின்றது.

மகானின் வைத்தியம் எளிது. காசை வாங்கிக்கொண்டு ஆளைக் குப்புறப் படுக்க வைப்பார். காற்றுப் பட்டால் நரம்பு சுருங்குமாம். அதனால் தலை முதல் கணுக்கால் வரை போர்வை. காலில் ஷூ கட்டாயம். இல்லாதவருக்கு அவரே இரவல் கொடுப்பார். ஷூ இரண்டையும் சேர்த்துப் பிடித்து, "பாத்தீங்களா, அரை அங்குலம் குட்டை! முதுகு வலிக்காம என்ன பண்ணும்?" என்பார். ஒரு ஷூவை லேசாக இழுத்துப் பிடித்தால் யார் காலும் நீளும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூளையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆயிற்றே! கடைசியில் கழுத்தில் ஒரு திருகு. சடக்! கால் சரியாகிவிடும். கைதட்டல்.

இதில் மானம் போனது தையல்காரருக்கு.

"இருபது வருஷமா ரெண்டு காலையும் ஒரே அளவுல தச்சிருக்கியே, உனக்குக் கண்ணு தெரியாதா?" என்று தபால்காரர் பேன்ட்டை மேசைமேல் வீசினார். மறுநாள் அவரே வந்து, "கால் நீண்டுடுச்சு, பிரிச்சு விடு" என்றார். அளவு நாடா பிடித்துக் காட்டினால் நாடாவே பொய் என்றார்கள். கடைக்கு ஈ, காக்கை வரவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? "நீங்கதான் தப்பா அளந்துட்டீங்களோ என்னவோ," என்றாள் மனைவி. "நாளைக்கு நானும் போயி கழுத்தைத் திருகிக்கிட்டு வரேன்."

தையல்காரர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். கழுத்து என்ன தண்ணீர்க் குழாயா, திருகித் திருகி மூட?

மறுநாள் அவரும் பக்கத்து சைக்கிள் கடைக்காரரும் ஒருவரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். "வழி விடுங்க! என் மச்சான்! முதுகு பிடிச்சு அசையவே முடியல!"

வரிசையில் நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு ஏதுங்க அண்ணன்?"

"சும்மா இரு!"

மச்சானைக் குப்புறப் போட்டார்கள். மகான் ஷூவைப் பிடித்தார். "அடேங்கப்பா, முக்கால் அங்குலம் குட்டை! உடம்பு ஏன் இப்படி விறைப்பா இருக்கு? பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." கொஞ்சம் பொறுத்து, "ஆங், இப்ப இளகிடுச்சு" என்றார்.

போர்வையோடு கழுத்தைப் பிடித்து ஒரு திருகு. சடக்!

கூட்டம் கைதட்டியது. தட்டி முடிப்பதற்குள் மச்சானின் தலை கீழே விழுந்து உருண்டு தபால்காரர் காலடியில் போய் நின்றது. ஒரே அலறல்.

"நான் ஒண்ணும் பண்ணல! வரும்போதே அப்படித்தான் இருந்தாரு!" என்று கத்தியபடி மகான் மேசைக்கு அடியில் புகுந்தார்.

தையல்காரர் போர்வையை உருவினார். அவர் கடை வாசலில் புதுச் சட்டை மாட்டி நிறுத்தும் பொம்மை! ஷூவைக் கழற்றி, அளவு நாடாவைப் பிடித்து, இரண்டு காலையும் எல்லார் கண்முன்னும் அளந்தார். ஒரே அளவு. "முக்கால் அங்குலம் எங்க போச்சு, மகானே?"

மகான் பின்கதவு வழியாக ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு காலும் நன்றாகத்தான் வேலை செய்தன. மனைவி முதல் ஆளாக வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அப்ப என் கால்?" என்று நெளிந்தார் தபால்காரர்.

தையல்காரர் பொம்மைத் தலையை எடுத்துத் தட்டினார். டொக் டொக் என்றது. "இவனுக்கு உள்ள ஒண்ணும் கிடையாது, பேசாம படுத்துக் கிடந்தான். உள்ள மூளைய வச்சிக்கிட்டு நீங்க ஏன்யா படுத்தீங்க?"