மேனேஜர் மூக்கில் எங்கள் குடும்பம்

என்னால் சும்மா இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் ஆடும். கோவிலில் ஜெபமாலையைக் கையில் கொடுத்தால் மணிகளை விட்டுவிட்டு முன்வரிசைத் தலைகளை எண்ணுவேன். ஒழுங்காக ஓடுகிற எதைப் பார்த்தாலும், இதை இன்னும் கொஞ்சம் ஒழுங்காக ஓட வைக்கலாமே என்று கை அரிக்கும். இந்த அரிப்பால் எங்கள் வீட்டில் ஒரு ரேடியோவும் இரண்டு மணிக்கூடுகளும் உயிரை விட்டிருக்கின்றன. அடுத்ததாகப் போக இருந்தது என் வேலை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஹட்டனில் கணினி டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். (இருந்தேன் என்றால் உட்கார்ந்திருந்தேன் என்று அர்த்தமில்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டின் நீளம் சரியாகப் பதினோரு எட்டு. நடந்தே அளந்தவள் நான்.) அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், அம்மா கொழுந்து பறிக்க, அக்கா கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, அண்ணன் கட்டாரில். எனக்கென்று கொழும்பில் ஒரு புடவைக் கடை வேலையை மாமா சொல்லி வைத்திருந்தார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் நின்று சேலை மடிக்க வேண்டும். நினைத்தாலே எனக்குக் கால் இழுக்கும்.

அதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழி கிடைத்தது. றொசல்லவுக்குப் பக்கத்தில் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே மூன்று மாதத் தற்காலிக வேலை. மூன்று மாதம் முடிந்ததும் முதலாளி மேடம் கொழும்பிலிருந்து நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் சேலை.

வேலை என்னவென்றால், பனிமூட்டத்தைச் சமாளிப்பது. அந்தப் பங்களா விறாந்தையில் நின்றால் பள்ளத்தாக்கு, எதிர்மலை, நடுவே வளைந்து போகும் ரயில் எல்லாம் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை, பெப்ரவரியில் தெரியும். மற்ற மாதங்களில் பாதி நாள் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வெறும் வெள்ளை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊருக்குப் போய் இணையத்தில் திட்டி எழுதினார்கள். அதனால் மேடம் ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்கி, பெப்ரவரியில் எடுத்த காட்சியை அதில் ஏற்றி வைத்திருந்தார். பனி மூடிய நாளில் அதை விருந்தினர் தலையில் மாட்டிவிட வேண்டும். தலையைத் திருப்பினால் மலையும் திரும்பும். எதிரில் உண்மையாகவே இருக்கிற மலையைப் பெட்டிக்குள் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள்.

பெட்டி என்றுதான் நாங்களும் அதைச் சொல்வோம். முகத்தில் கட்டித் தொங்கவிட்ட சோற்றுப் பாத்திரம் மாதிரிப் பாரம். குளிருக்கு உள்ளே மூச்சுப் பட்டு கண்ணாடி மங்கும். கழற்றினால் நெற்றியில் சிவப்புத் தடம், தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கும். முக்கியமான சங்கதி, மாட்டியவருக்கு வெளியே எதுவுமே தெரியாது. ஆகவே ஒருவர் பக்கத்தில் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். (இரண்டு வருஷம் கணினி படித்தது இதற்குத்தான்.)

எங்கள் மேனேஜர் தங்கராஜ் சேர். முன்பு தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. காலை ஆறரைக்குச் சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை வரிசையில் நிறுத்தி ஹோட்டலிலும் பெரட்டு எடுப்பார். சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. எந்நாளும் ஒரே பிரவுன் கோட்டு. எங்கள் வீட்டாருக்குள் அவர் பெயரே பெரட்டு என்று ஆகிவிட்டது. அம்மா, அக்கா, அண்ணன், நான் நாலு பேரும் போனில் ஒரு குடும்பக் குழு வைத்திருந்தோம் (அப்பாவுக்குப் போன் பிடிக்காது). மூன்று மாதமும் அதில் ஓடியது அவர் கதைதான்.

இரண்டாவது மாதம் அண்ணன் லீவில் வந்தான். கட்டாரில் படுக்கையில் படுத்தபடி படம் பார்க்க வைத்திருந்த ஒரு கண்ணாடியையும், அதோடு ஒத்துப்போகிற அவனுடைய பழைய போனையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பார்த்தால் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி. காதுப் பக்கத்திலிருந்து ஒரு வயர் போனுக்குப் போகும். போனில் என்ன தெரிகிறதோ அது அப்படியே கண்ணுக்கு முன்னால், சற்றுத் தூரத்தில், சினிமாத் திரை அளவுக்குத் தெரியும். சத்தமும் கண்ணாடிக் காம்பிலிருந்தே வரும். பாரமில்லை, முடி கலையாது, திரையைச் சுற்றிப் பக்கத்தில் இருப்பவர்களும் தெரிவார்கள். யார் முழங்கையையும் பிடிக்கத் தேவையில்லை.

எனக்குக் கை அரிக்கத் தொடங்கியது.

என் சிம்மை அந்தப் போனுக்கு மாற்றி, பெப்ரவரிக் காட்சியையும் அதில் ஏற்றிக்கொண்டு தங்கராஜ் சேரிடம் போனேன்.

"சேர், இதப் பாருங்க. பெட்டிய விட எவ்வளவு லேசு."

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "தலைய திருப்புனா மலை திரும்புமா?"

"திரும்பாது சேர். முன்னால பெரிய திரை மாதிரி நிக்கும்."

"அப்ப டீவி."

"டீவி இல்லங்க சேர், இது வந்து..."

"டீவிதான். ரூமுக்கு ரூம் இருக்கு. ரெஜினா, சனிக்கிழம மேடமும் மாத்தயாவும் வர்றாங்க. நீங்க மாத்தயா கைய புடிச்சிக்கிட்டு நில்லுங்க, போதும். புதுசா ஒண்ணும் செய்ய வேணாம்."

மாத்தயா என்றது மேடத்தின் கணவரை. இப்போது யோசித்தால், சேர் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை. அப்போது மட்டும், முன்னேற்றத்தின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிற மனிதராக அவர் எனக்குத் தெரிந்தார். அன்றைக்கே குழுவில் அப்படித்தான் எழுதினேன். கண்ணாடியைச் சனிக்கிழமை பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை நல்ல பனி. பஸ்ஸில் என் கால் ஆடிய ஆட்டத்தில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கண்ணாடியை மாட்டும்போது போனில் குறுஞ்செய்திகள் வராமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று வழியில் இரண்டு தரம் நினைத்தேன். ஒரே ஒரு பொத்தான். இறங்கியதும் மறந்துவிட்டேன்.

மேடம் மெலிந்த, களைத்த மனுஷி. மாத்தயா ஓய்வு பெற்ற டாக்டர். உயரமும் அகலமுமாக, எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுகிற ஆள். விறாந்தையில் அவருக்குப் பெட்டியை மாட்டி முழங்கையைப் பிடித்தேன். "ஹரி லஸ்ஸனய்," என்றார். ரொம்ப அழகாம். வலப்பக்கம் திரும்பி ஒரு தரம், இடப்பக்கம் திரும்பி ஒரு தரம் சொன்னார். மேடம் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. தங்கராஜ் சேர் என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். அந்த இடத்தில் நான் மரம் மாதிரி இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் வேலை நிரந்தரம்.

"மேடம், இத விட நல்லது ஒண்ணு இருக்கு," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

சேரின் தலை அசைவது நின்றது. மேடம் கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வளைவுப் பாதையில் வந்தது தலை சுற்றுகிறது, தங்கராஜ் நீங்களே போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டிவிட்டார். முதலாளி சொன்னால் மறுக்க முடியுமா. சேர் தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, இதை மாட்டினார். வயரைப் போனில் சொருகிக் காட்சியை ஓடவிட எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. மாத்தயாவின் முழங்கையை விட்டேன்.

பள்ளத்தாக்கு ஓடியது. "தெரியுதுங்களா சேர்?"

"தெரியுது." வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த விநாடி குரல் மாறியது. "பரவால்ல. நல்லா தெளிவா இருக்கு."

அப்போது போன் அதிர்ந்தது. அண்ணன் எழுதியிருந்தான்: "பெரட்டு என்ன சொல்லுது?"

அதற்குக் கீழே அக்கா: "இன்னைக்கும் அதே பிரவுன் கோட்டா?"

நிறுத்த மறந்த பொத்தான் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு நம்பிக்கை. சேருக்கு வெள்ளெழுத்து. போனில் எதையாவது படிக்க வேண்டுமென்றால் கையை எவ்வளவு நீட்டினாலும் போதாமல் யாரையாவது கூப்பிடுவார். எழுத்தை எப்படியும் படித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடியில் எழுத்து கிட்டத்தில் இல்லை, தூரத்தில், ஆள் உயரத்துக்கு நிற்கிறது என்பதும், தூரப்பார்வை அவருக்குக் கழுகு மாதிரி என்பதும் புத்தியில் ஏறவில்லை. அவர் உதடுகள் மெதுவாக அசைந்தன. "பெ...ரட்...டு," என்று வாசித்தார்.

செய்தியை ஒதுக்கித் தள்ளப் பெருவிரலை வைத்தேன். அவசரத்தில் தள்ளுவதற்குப் பதிலாக அழுத்திவிட்டேன். குழு முழுவதும் திறந்தது. அதை மூட இன்னொன்றை அழுத்த, போன கிழமை அம்மா அனுப்பிய குரல் பதிவு ஓட ஆரம்பித்தது. சேரின் இரண்டு காதோரத்திலிருந்தும் அம்மா பேசினார். பனியில் ஊரே அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏன்டி ரெஜினா, அந்த மனுசனுக்கு வீட்டுல பொம்பள ஆளு யாருமே இல்லியா? ஒரு நாளைக்காச்சும் அந்தக் கோட்ட தொவச்சிப் போடக் கூடாதா? தொவச்சா மூஞ்சியில சிரிப்பு வந்தாலும் வரும்."

வயரைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடி அவர் மூக்கிலிருந்து கழன்று வந்து வயரில் ஊசலாடியது. அதே நேரம் பின்னால் மளமளவென்று ஒரு சத்தம். திரும்பினால் மாத்தயாவைக் காணவில்லை. விறாந்தையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மூன்று படிகளையும் அவர் ஒரே படியாக இறங்கி, ஹைட்ரேஞ்சியா பாத்திக்குள் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையெல்லாம் ஈரச் சேறு, தோளிலும் மடியிலும் நீலப் பூ. பெட்டி மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. உள்ளே இன்னும் பெப்ரவரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது போலும். கையை நீட்டி, "கோச்சிய எனவா," என்றார். ரயில் வருகிறதாம்.

நல்லவேளை, அடி ஒன்றுமில்லை. தோட்டக்காரரும் நானும் தூக்கி நிறுத்தினோம். மேடம் அவருடைய சேற்றைத் தட்டிவிட்டபடியே தங்கராஜ் சேரிடம் கேட்டார். "யாரு அது தமிழ்ல பேசினது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொழும்பு, புடவைக் கடை, சேலை மடிப்பு எல்லாம் வரிசையாக வந்தன.

சேர் தன் பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். "விளம்பரம் மேடம். சலவைத்தூள் விளம்பரம். நடுவுல வந்துடுச்சு."

"அப்ப இந்தச் சாமான் நமக்கு வேணாம்," என்றார் மேடம். "காட்சி பாக்க வந்தவங்களுக்கு விளம்பரம் காட்டுறதா?"

அவர்கள் சாப்பிடப் போனபிறகு சேர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைக்கு முன்னால் நின்றேன். என் கால் ஆடவில்லை. பிறந்ததிலிருந்து அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன்.

"கண்ணாடி இல்லாம நான் எழுத்து வாசிச்சு எத்தன வருஷமாச்சு தெரியுமா," என்றார். "அவ்வளவு தெளிவா இருந்துச்சு. வாசிச்சது என்னையப் பத்தி."

"மன்னிச்சிக்கோங்க சேர்."

"அந்தக் கோட்டு பிரவுன் இல்ல. சாம்பல்." கையைத் தூக்கிச் சட்டைக் கையைப் பார்த்தார். "தொவைக்கலங்கிறது சரி. வீட்டுக்காரி இருக்கும்போது ஹட்டன்ல எங்கயோ குடுத்து எடுப்பா. எந்தக் கடைன்னு நான் கேட்டு வெக்கல. அவ போயி நாலு வருஷம்."

தரை விரிசல் விட்டால் இறங்கிப் போயிருப்பேன்.

"வேலை, சேர்?" என்று கடைசியில் கேட்டேன்.

"மேடம் கேட்டாங்க. கைய விட்டது தப்பு, ஆளு தப்பில்லன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழம ஆறரைக்கு வந்துடுங்க."

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடி பாவி, என் குரலையா அவர் காதுல போட்ட? பொண்டாட்டி இல்லாத மனுசனப் போயா அப்பிடிக் கேட்டேன்?" என்று புலம்பினார். அப்பா மட்டும் சிரித்துச் சிரித்து இருமினார். திங்கட்கிழமை அம்மாவின் உத்தரவுப்படி, கோட்டைக் கொடுங்கள் என்று சேரிடம் கேட்டேன். வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கஷ்டமான வசனம் அதுதான். பையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். அம்மா இரண்டு தண்ணீர் மாற்றித் துவைத்துக் காயப் போட்டபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அது பிரவுனும் இல்லை, சாம்பலும் இல்லை. நீலம்.

நீலக் கோட்டோடு நன்றி சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அந்தக் குழுவுல என்னையும் சேத்துடுங்க, பேசுறத எனக்குத் தெரியப் பேசலாம்," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. கேலியா உண்மையா என்று தெரியாமல் பயத்தில் சேர்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புறம் பேசும்போது சம்பந்தப்பட்டவர் வந்துவிட்டால், "சலவைத்தூள் விளம்பரம்," என்று அப்பா சொல்வார். உடனே எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அக்காவின் மாமியாருக்கு இன்றுவரை அது ஏதோ உண்மையான விளம்பரம் என்றுதான் நினைப்பு. அண்ணன் அடுத்த லீவில் வந்தபோது கண்ணாடியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெட்டியும் முழங்கைகளும் இன்னும் என் பொறுப்பில்தான்.

சேர் குழுவில் இருந்ததால் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. ஆகவே அவருக்குத் தெரியாமல் அண்ணன் இன்னொரு குழு தொடங்கினான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நாள் பார்த்தால் அதிலும் தங்கராஜ் சேர். சேர்த்தது அம்மா.

"என்னம்மா இது?" என்று கத்தினேன்.

"பாவம்டி, தனியா இருக்காரு," என்றார் அம்மா. "நாம எல்லாம் ஒண்ணா சிரிச்சிக்கிட்டு இருக்கையில அவர மட்டும் விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

அவரைப் பற்றிப் பேச எங்களுக்கு இப்போது இடமே இல்லை.